"ஒரு சொட்டு ரத்தம் போதும்" என்பவர் கடற்பாசி எடுக்கும் கையைப் பார்த்ததுண்டா?

மண்டபம்செல்வி:
தொண்டித்தம்பி நேற்று இங்கே எழுதியிருந்தார்: "விரல் ரத்தத்தில் மலேரியா பார்க்கும் அட்டையும் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் வந்த பிறகு கடலோர ஊருக்கு லேப் எதற்கு? ஒரு சொட்டு ரத்தம் போதும், எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் சர்க்கரை முகாம் நடந்தது. உதவிக்கு நின்றேன். விடியலில் கடலுக்குப் போய் முங்கி முங்கிப் பாசி எடுத்த ஒரு அத்தை, ஈரச் சேலையோடு வந்து உட்கார்ந்தார். விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தால் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது, பாறை கிழித்த கீறல் வேறு. மூன்று விரலில் குத்தியும் ரத்தம் வரவில்லை. நாலாவதைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தார்கள். அப்படிப் பிதுக்கினால் திசுநீரும் சேர்ந்து வரும். கை ஈரமென்றால் தண்ணீரும் கலக்கும். அந்த எண்ணை நம்பியா மாத்திரை கொடுப்பது? எந்தச் சொட்டு, தம்பி?

தொண்டித்தம்பி:
அக்கா, அளவு தெரிந்து பேசுங்கள். இப்போதுள்ள சர்க்கரை மீட்டர் பலவற்றுக்கு 1 மைக்ரோலிட்டர்கூட வேண்டாம். மலேரியா அட்டைக்குப் பெரும்பாலும் 5. ஒரு சொட்டு என்றால் 50 பக்கம் வரும். நான் தாராளமாகத்தான் சொன்னேன்.

மண்டபம்செல்வி:
50 ஆகட்டும், 5 ஆகட்டும், வராத ரத்தம் வராததுதான்.

கீழக்கரைக்காக்கா:
சொட்டை விடுங்கள். மலேரியா அட்டை வரும் பெட்டியில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருப்பதை யாராவது படித்தீர்களா? சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மதியம் வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரிப் குப்பியைத் திறந்து போட்டால் உப்புக்காற்றின் ஈரமே போதும், கெட்டுவிடும்.

தொண்டித்தம்பி:
40 வரை தாங்கும் அட்டையும் இருக்கிறது, காக்கா. குப்பியை மூடுவதற்குமா ஆராய்ச்சி?

பாம்பன்காரன்:
எங்கள் தீவுக்கு மலேரியா புதிதல்ல, அதனால் சொல்கிறேன். மலேரியாக் கிருமியில் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்று வகை உண்டு. ஹெச்ஆர்பி2 என்ற கிருமிப் புரதத்தை மட்டும் பார்க்கிற அட்டை ஃபால்சிபாரத்தைத்தான் காட்டும். வைவாக்ஸ் காய்ச்சலோடு வருகிறவரிடம் 'இல்லை' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

தொண்டித்தம்பி:
இரண்டையும் காட்டும் அட்டை அரசுத் திட்டத்துக்குள் வந்து பல வருஷம் ஆகிறது அண்ணே. பழைய கதை.

மண்டபம்செல்வி:
எல்லோரும் எங்கேயோ போகிறீர்கள். நான் கேட்டது விரலைப் பற்றி.

தொண்டித்தம்பி:
நோய் பார்க்கும் சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் 'அஷ்யூர்டு' அளவுகோலில் விலை குறைவு, எளிதான பயன்பாடு, தனிக்கருவி வேண்டாமை எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி மனு பிரகாஷ் குழு 2017-ல், நூலில் கோத்த பட்டனைச் சுழற்றி விளையாடுவோமே, அதே முறையில் ரத்தம் பிரிக்கும் காகிதச் சக்கரம் செய்தது. மின்சாரமே வேண்டாம், செலவு 20 சென்ட். இதெல்லாம் வேண்டாம் என்கிறீர்களா?

மண்டபம்செல்வி:
வேண்டாம் என்று எங்கே எழுதினேன், காட்டு. அந்தச் சக்கரத்தில் வைக்கவும் ரத்தம் வேண்டுமே! வடிவமைக்கிறவர் உலர்ந்த, மெத்தென்ற விரலை மனசில் வைத்துச் செய்கிறார். பாசி எடுக்கிறவளுக்கு, வலை இழுக்கிறவருக்கு, கருவாடு காய வைக்கிறவளுக்கு அந்த விரல் கிடையாது. கையை வெந்நீரில் கழுவித் துடைத்து, சூடு ஏறும் வரை காத்திருந்து, நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்த வேண்டும். அந்த முகாமில் வெந்நீரும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. இதைப் பெட்டிக்குள் வைக்கும் தாளில் படம் போட்டுக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

பாம்பன்காரன்:
பாசி என்றாலே மண்டபம்தானா? எங்கள் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்களைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

மண்டபம்செல்வி:
அந்த அத்தை பிறந்ததே சின்னப்பாலம்தான், அண்ணே.

கீழக்கரைக்காக்கா:
30 டிகிரிக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தொண்டித்தம்பி:
சொல்லியாச்சு, 40. முன்பு இங்கே நடந்த குடிநீர் விவாதத்திலும் இப்படித்தான் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள் காக்கா. குத்தத் தெரியாதவர் குத்தினால் அட்டை என்ன செய்யும்? ஒரு சொட்டு போதும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

கீழக்கரைக்காக்கா:
குடிநீரில் நான் சொன்னதுதான் நடந்தது. நீ அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

மண்டபம்செல்வி:
தம்பி, குத்தியவர் இருபது வருஷ நர்ஸ். நான் பக்கத்தில் பஞ்சு பிடித்துக்கொண்டு நின்றேன். எந்த விரலில், எப்படி என்று எழுது.