அவசரம்: கிராஃப் குவெரியில் ஒரே கணக்கு ரெண்டு பக்கமும் வருது

காராசேவு:
கிராஃப் குவெரியில (கணக்கு, சாதனம் எல்லாம் புள்ளி, லாகின் அதை இணைக்கிற கோடு, அதாவது எட்ஜ்னு வெச்சுத் தேடுறது) ஒரே சாதனத்துல லாகின் பண்ண கணக்குகளை ஜோடி ஜோடியா எடுக்கணும். மோசடி ரிப்போர்ட், நாளைக்குக் காட்டணும். ஒரு கணக்கு தனக்குத்தானே ஜோடியா வருது. இதே பேட்டர்ன் பழைய இடத்துல ஒழுங்கா ஓடுச்சு. யாராச்சும் சொல்லுங்கண்ணா.

நள்ளிரவுக் கோடர்:
எந்த டேட்டாபேஸ்? பழைய இடம்னா எது? குவெரியைப் போடாம ஜோசியமா பாக்குறது?

எட்டாங்கிளாஸ்:
எட்ஜ் டேபிள்ல டூப்ளிகேட் இருக்கும். டிஸ்டிங்ட் (ஒரே வரி திரும்ப வந்தா ஒண்ணை மட்டும் வைக்கிறது) போடுங்க, போயிடும்.

பழைய டிபிஏ:
மேனுவலைத் தொடாம மேட்ச் (கிராஃப் பேட்டர்ன் தேடல்) எழுத வந்துடுறாங்க. இதுக்கு எதுக்குத் தம்பி கிராஃப்? செல்ஃப் ஜாயின் (ஒரே டேபிளை அதோடயே சேர்க்கிறது) போதும்.

நள்ளிரவுக் கோடர்:
சார், எஸ்க்யூஎல்:2023 ஸ்டாண்டர்டுல 16-ம் பாகமே கிராஃப் குவெரிதான். நாலு தாவல் போற தேடலை ரிகர்சிவ் சிடிஇ-ல (தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிடுற குவெரி) எழுதிட்டு, ஆறு மாசம் கழிச்சு நீங்களே படிச்சுப் பாருங்க.

பழைய டிபிஏ:
ரிகர்சன் 1999-லயே வந்தாச்சு. எழுதத் தெரிஞ்சவன் எழுதினா படிக்கலாம்.

காராசேவு:
முன்னாடி நியோஃபோர்ஜேங்கிற கிராஃப் டேட்டாபேஸ், இப்போ ஆரக்கிள் 23ஏஐ, அதுல கிராஃப் தேடுற கிராஃப்_டேபிள்.
(அ இஸ் கணக்கு) -[இஸ் லாகின்]-> (ச இஸ் சாதனம்) <-[இஸ் லாகின்]- (ஆ இஸ் கணக்கு)
டிஸ்டிங்ட் போட்டும் அதே கதை.

முட்டுச்சந்து:
இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம். நியோஃபோர்ஜேயோட குவெரி மொழியான சைஃபர்ல ஒரே மேட்சுக்குள்ள ஒரு எட்ஜை ரெண்டு தடவை எடுக்காது. அதனால சாதனத்துக்குப் போன எட்ஜ் வழியாவே அ-வுக்குத் திரும்பி வர முடியாது. கிராஃப்_டேபிள்ல அந்தத் தடை கிடையாது, ரெண்டு லாகினுக்கும் ஒரே எட்ஜே பொருந்தும். வேர்-ல (வடிகட்டுற நிபந்தனை எழுதுற இடம்) அ.ஐடி < ஆ.ஐடி போடுங்க. <> போட்டா தன்ஜோடி போயிடும், ஆனா கணக்கு 7–9, 9–7னு ஒரே ஜோடி ரெண்டு தடவை வரும். ரெண்டு பேருக்குப் பொதுவா மூணு சாதனம் இருந்தா மூணு வரி வரும். சாதனத்தைக் காலம்ஸ்ல (வெளிய காட்டுற பட்டியல்) இருந்து எடுத்துட்டு, அப்போ டிஸ்டிங்ட் போடுங்க.

இன்னொண்ணு: ஒரே ஆள் ஒரே சாதனத்துல ரெண்டு தடவை லாகின் பண்ணி ரெண்டு எட்ஜ் இருந்தா நியோஃபோர்ஜேயிலயும் தன்ஜோடி வரும். அங்க வரலைன்னா அது டேட்டா புண்ணியம்.

எட்டாங்கிளாஸ்:
அப்போ நான் சொன்ன டூப்ளிகேட் பாதி சரி!

முட்டுச்சந்து:
காரணம் ஓரளவு. மருந்து இல்லை. டிஸ்டிங்ட் போட்டாலும் 7–7 ஒரு தடவை நிக்கும்.

காராசேவு:
< போட்டேன், வந்துடுச்சு. நன்றிண்ணா. மீட்டிங் இருக்கு, ஓடுறேன்.

பழைய டிபிஏ:
செல்ஃப் ஜாயின்லயும் இதே < தான்.