'சூனியப் பொம்மை' வேண்டாம்: இன்கிசிக்கு ஒரு தமிழ்ச் சொல்

அன்பு நண்பர்களே,

நம் சொல்லாக்கக் குழுவின் ஆப்பிரிக்கக் கலைச்சொல் பட்டியலில் 'ஃபெட்டிஷ்' என்ற சொல்லுக்கு எதிரே "சூனியப் பொம்மை, மந்திரப் பொம்மை" என்று நிரப்பியிருக்கிறது. அந்த இரண்டையும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சொல்லப்போனால் அந்த வரியே பட்டியலில் இருக்க வேண்டியதில்லை.

'ஃபெட்டிஷ்' எந்த ஆப்பிரிக்க மொழியிலும் பிறந்த சொல் அல்ல. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு வந்த போர்த்துக்கீசிய வணிகர்கள், அங்கே கண்ட பலவகைச் சடங்குப் பொருள்களையும் தங்கள் ஊர்ச் சூனியத்துக்கு வைத்திருந்த பெயராலேயே அழைத்தார்கள். 1760-இல் சார்ல் து ப்ரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து ஒரு முழுச் சமய வகைக்கே பெயர் உண்டாக்கினார். அந்தச் சொல்லைத் தமிழாக்கினால், வந்து பார்த்தவர்களின் அபிப்பிராயத்தைத்தான் தமிழாக்குகிறோம். செய்தவர்கள் அதை என்னவென்று சொன்னார்கள் என்பது நமக்குக் கிடைக்காமலே போகும்.

இந்தச் சொல்லால் அதிகம் அடிபட்டவை, காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களின் இன்கிசிகள் என்ற சடங்குப் பொருள்கள். முதலில் எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொள்வோம். நாடுகளைக் 'காங்கோ' என்றே எழுதலாம். இன்றைய அங்கோலா, இரண்டு காங்கோ நாடுகள் என்று பரவியிருக்கும் அந்த மக்களைக் 'கொங்கோ' என்று எழுதினால் குழப்பம் குறையும். அவர்கள் மொழியில் ஒருமை இன்கிசி (nkisi), பன்மை மின்கிசி (minkisi). மெய்யில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் இகரம் சேர்ப்பது நம் பழைய வழக்கம்தான். பன்மைக்கு 'இன்கிசிகள்' போதும். 'மின்கிசி' என்று எழுதினால் ஏதோ மின்கருவி என்று நினைத்துவிடுவார்கள்.

சரி, இன்கிசி என்றால் என்ன? இறந்தோர் உலகிலிருந்து வரும் ஓர் ஆற்றலைக் குடியேற்றி, ஒரு வேலைக்கென்று அமர்த்திய பொருள். நோய் தீர்க்க, ஊரைக் காக்க, சத்தியத்தை மீறியவரைத் தேடிப் பிடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அதைச் செய்து இயக்குபவர் இங்கங்கா. உள்ளே வைக்கும் பொருள்களுக்குப் பிலொங்கோ என்று பெயர்: ஆற்றோரத்து வெண்களிமண், கல்லறை மண், விதைகள், மூலிகைகள், விலங்குகளின் நகம், பல். இவற்றில் பலவற்றை அவற்றின் பெயருக்காகவே தேர்ந்தெடுப்பார்கள். பொருளின் பெயரும் வேண்டிய செயலைக் குறிக்கும் வினையும் ஒலியில் ஒத்துப்போனால் அந்தப் பொருள் உள்ளே போகும். சொல்லைப் பற்றி இத்தனை நாள் பேசிக்கொண்டிருக்கும் நம் குழுவுக்கு இதைவிட நெருக்கமான செய்தி இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

உடலெங்கும் ஆணி அறைந்த மரப் பாவையின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இன்கோண்டி என்ற வகை. வேட்டையாடுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த பெயர். இங்கேதான் தமிழ் வாசகர் தவறிவிடுவார். பேயைப் புளியமரத்தில் ஆணி அடித்துக் கட்டிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆணி என்றால் கட்டிப்போடுவது என்றே மனம் போகும். கொங்கோ மக்களிடம் அது நேர் எதிர். இருவர் வழக்கைத் தீர்த்துக்கொண்டு சத்தியம் செய்யும்போது ஆணி இறங்கும். உள்ளிருப்பதை எழுப்பி, "இந்த வாக்கை மீறுகிறவனை வேட்டையாடு" என்று ஏவுவதற்கான அடி அது. ஆக, ஒவ்வொரு ஆணியும் ஓர் ஒப்பந்தம். பாவையின் உடலே ஊரின் வழக்குப் பதிவேடு. இதற்குப் போய் 'சூனியப் பொம்மை' என்று எழுத எப்படி மனம் வரும்?

அருங்காட்சியகங்களும் பழைய பெயரைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. ஆங்கிலத்தில் இப்போது 'பவர் ஃபிகர்' என்கிறார்கள். நம் நண்பர் ஒருவர் அதைப் பார்த்து இப்படி எழுதியிருந்தார்:

> 'சக்தி உருவம்' என்று வைத்துக்கொள்ளலாமே?

சக்தி என்றதும் நமக்கு அம்மன்தான் நினைவுக்கு வருவாள். 'ஆற்றல் உருவம்' என்றால் இயற்பியல் பாடம் போல ஒலிக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா இன்கிசியும் உருவம் அல்ல. மண்பானை, துணிப்பொதி, நத்தை ஓடு, பை எல்லாம் இன்கிசி ஆகலாம். மரப் பாவை அதில் ஒரு வகைதான்.

என் பரிந்துரை மருந்தேற்று. மந்திரத்தை 'உருவேற்றுதல்' என்கிறோமே, அந்த அச்சு. மருந்தேற்றுப் பாவை, மருந்தேற்றுக் கலம், மருந்தேற்றுப் பொதி என்று வடிவத்துக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளலாம். பிலொங்கோவுக்கு 'மருந்து' மிகப் பொருந்தும். நம் பேச்சிலும் மருந்து நோய் தீர்க்க மட்டும் அல்ல. "அவனுக்கு மருந்து வைத்துவிட்டார்கள்" என்றால் எந்த மருந்து என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆக்கவும் அழிக்கவும் ஒரே சொல். பிலொங்கோவும் அப்படித்தான்.

> மருந்தேற்று என்றால் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுவது போல இருக்கிறது.

இந்தச் சொல்லை முன்பு சொன்னபோது தோழி ஒருவர் எழுதியது இது. அவர் சொல்வது உண்மை. எனக்கு அது குறையாகப் படவில்லை. மருந்து உள்ளே போனால்தான் உடம்பு எழுந்திருக்கும் என்பதுதானே இங்கேயும் நடப்பது? சிற்பி செதுக்கி முடித்தது வெறும் மரம். இங்கங்கா வயிற்றில் மருந்து வைத்து மூடிய பிறகுதான் அது இன்கிசி. அந்த மூடியில் பெரும்பாலும் கண்ணாடி பதித்திருப்பார்கள். மருந்தை எடுத்துவிட்டால் திரும்பவும் மரம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காங்கோ ஆற்றுக்கு வடக்கே லோவாங்கோ கரைப்பகுதியில் செய்த மங்காக்கா என்ற இன்கோண்டிப் பாவைகள், ஏறத்தாழ நான்கடி உயரம் உள்ளவை, உலக அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் வயிறு காலி. 2015-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவற்றில் பலவற்றை ஒரே கூடத்தில் நிறுத்தியது. அந்தப் படங்களை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி வயிற்றைப் பற்றி ஒரு வரி எழுதவும் நமக்குச் சொல் வேண்டும்: மருந்து நீங்கிய பாவை.

பட்டியலில் தலைச்சொல்லாக 'இன்கிசி'யே இருக்கட்டும். மருந்தேற்று அதன் விளக்கச் சொல். அவர்கள் வைத்த பெயர் முன்னால் வரட்டும், நம் சொல் பின்னால் வரட்டும்.

அப்புறம், 'முகமூடி' பற்றித் தனி இழை தொடங்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள் ஆடும் கெலெடே என்ற வேட ஆட்டத்தில் செதுக்கிய தலை உச்சியில் உட்காரும், ஆடுபவரின் முகத்தை மறைப்பது துணி. அங்கே மூடியும் பொருந்தாது, முகமும் பொருந்தாது. 'வேடம்' சரியாக வரும் என்பது என் எண்ணம்.

இங்கங்காவுக்குத்தான் எனக்கு இன்னும் சொல் பிடிபடவில்லை. பூசாரி என்றால் கோயில் வந்துவிடுகிறது, மந்திரவாதி என்றால் பயம் வந்துவிடுகிறது. 'பண்டுவர்' என்று எழுதிப் பார்த்தேன். நோய் தீர்ப்பது வருகிறது, சத்தியம் வாங்குவது வரவில்லை. நாட்டுவைத்தியம் பார்த்த குடும்பத்திலிருந்து வந்தவர்கள் குழுவில் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் பார்வை பார்ப்பவரை, குறி சொல்பவரை, மருந்து கொடுப்பவரை, இந்த மூன்றும் ஒருவராகவே இருந்தால், என்னவென்று அழைப்பார்கள்?