புல்வெட்டும் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: மோவரைப் பூட்டுவதும் ஓட்டுவதும்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. புல்வெட்டும் நிறுவனம் ஒன்றில் திங்கட்கிழமை வேலை தொடங்குகிறேன். முதலாளி புதிய மோவர் (புல்வெட்டும் இயந்திரம்) ஒன்றைப் பெட்டியோடு தந்து, “பாகங்களைப் பூட்டிக்கொண்டு வாரும்” என்று சொல்லிவிட்டார். பின்னால் நடந்து தள்ளும் வகை, 21 அங்குலம், வணிகப் பாவனைக்கானது. ஊரில் மண்வெட்டி தவிர வேறு எதுவும் பிடித்ததில்லை. எதைக் கவனிக்க வேண்டும் அண்ணாமார்?

*

தம்பி, தெரியாது என்று இங்கே கேட்டது போலவே திங்கட்கிழமை உங்கள் மேற்பார்வையாளரிடமும் கேளுங்கள். “நான் இதை ஓட்டியதில்லை, ஒருமுறை காட்டித் தாருங்கள்.” இதைச் சொல்ல வெட்கப்பட்டு முதல் கோடையிலேயே கையைக் காயப்படுத்திக்கொண்டவன் நான். பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெட்டியைக் கராஜுக்குள் பிரிக்கலாம், ஆனால் எஞ்சினை அங்கே இயக்கக் கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு நிறமோ மணமோ இல்லாதது. இங்கே பல வீடுகளில் கராஜ் வீட்டோடு ஒட்டியே இருக்கிறது, உள்ளே பிள்ளைகள் படுத்திருப்பார்கள். காரை நிறுத்தும் சமதளமான பாதையில் இறக்கி வைத்து வேலையைத் தொடங்குங்கள்.

எதையும் தொடுவதற்கு முன், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் தொப்பியைப் பிடித்து இழுத்துக் கழற்றி, திரும்பிப் போய்த் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். பெற்றோலே ஊற்றாத புது இயந்திரத்துக்கு எதற்கு இது என்று தோன்றும். கை பழகுவதற்குத்தான். நாளைக்குக் களைத்துப்போய் நிற்கும் மாலை நேரத்திலும் கை தானாக அந்தத் தொப்பிக்குப் போக வேண்டும்.

கைப்பிடி மடிந்த நிலையில் வரும். அதை விரிக்கும்போது கேபிள்கள் இரண்டு குழாய்களுக்கும் நடுவே அகப்படாமல் பாருங்கள். அகப்பட்டால் கேபிளின் கறுப்புத் தோல் மடிப்பில் வெள்ளையாக வெளுத்துக் காட்டும். அந்தக் கேபிள்தான் கத்தியை நிறுத்துவது, அதை அப்படியே விடக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரே உயரத் துளையில் பூட்டி, திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிற்றைக் கைப்பிடியில் உள்ள வளையத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

அடுத்தது, பலரும் வரிசை மாற்றிச் செய்வது. ஒயிலும் பெற்றோலும் ஊற்றுவதற்கு முன்பே இயந்திரத்தைச் சாய்த்துக் கத்தியைப் பார்த்துவிடுங்கள். அப்போது எதுவும் ஒழுகாது. கத்தியின் இரண்டு முனைகளிலும் மேல்நோக்கி வளைந்த சிறகு போன்ற பகுதி இருக்கும். அது கத்திக்கு மேலே உள்ள மூடியின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும், தரையை அல்ல. தலைகீழாகப் பூட்டிய கத்தி புல்லைச் சரியாக வெட்டாது, நசுக்கித் தள்ளும். நடு ஆணியை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கிப் பாருங்கள். கத்தி சுற்றாமல் ஒரு மரக்கட்டையை இடையே வையுங்கள். கையுறை கட்டாயம். ஒயில் ஊற்றிய பிறகு எப்போதாவது சாய்க்க வேண்டி வந்தால், காற்று வடிகட்டி இருக்கும் பக்கம் மேலே வரட்டும். இல்லாவிட்டால் ஒயில் வடிகட்டிக்குள் இறங்கி, அடுத்த முறை வெள்ளைப் புகையாகக் கிளம்பும்.

பெரும்பாலான புது மோவர்கள் எஞ்சினில் ஒயில் இல்லாமலே வருகின்றன. இதைக் கவனிக்காமல் கயிற்றை இழுத்தால் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். அந்தப் பணம் யாருடைய சம்பளத்தில் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கையேடு வேறு சொல்லாவிட்டால் இங்குள்ள காலநிலைக்கு 10டபிள்யூ-30 வகை ஒயில் பொருந்தும். முழுப் போத்தலையும் கவிழ்க்காதீர்கள். கொஞ்சம் ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, ஒயில் மட்டம் காட்டும் கோலை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பாருங்கள். சில எஞ்சின்களில் கோலைத் திருகாமல் வைத்துப் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருகிப் பார்க்க வேண்டும். அளவு இதனாலேயே பிழைப்பதுண்டு, கையேட்டில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது வாசியுங்கள்.

சக்கரங்கள் நாலும் ஒரே உயரப் படியில் இருக்கட்டும். நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்துப் புல்லுக்கு 3 அங்குலம் நல்ல உயரம். ஒரே தடவையில் புல்லின் நீளத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வெட்டக் கூடாது.

இனி ஓட்டும் விஷயம். உங்களிடம் இருப்பது வணிக மோவர் என்பதால் ஒரு வேறுபாட்டை நன்றாக மனத்தில் வாங்குங்கள். கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கம்பியைத்தான் பிடி என்கிறேன். வீட்டு மோவரில் பெரும்பாலும் பிடியை விட்டால் எஞ்சினே நின்றுவிடும். வணிக மோவர்கள் பலவற்றில் கத்திக்குத் தனியாகக் கிளச்சும் பிரேக்கும் உண்டு. பிடியை விட்டால் கத்தி மட்டும் நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பையை வெறுமையாக்கித் திரும்பி வந்து தொடர்வதற்கு இது மிக வசதி. ஆனால் சத்தத்தை வைத்துக் கத்தி நின்றுவிட்டதா, சுற்றுகிறதா என்று சொல்ல முடியாது. கத்தி கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே பூட்டி முடித்து, பெற்றோல் ஊற்றி, பிளக் தொப்பியைத் திரும்ப மாட்டியவுடன் ஒரு சோதனை. கொங்கிரீட் தரையில், காற்று வீசாத இடத்தில், வெறும் புல்பையை மாட்டி எஞ்சினை இயக்கிக் கத்தியைச் சுற்றவிடுங்கள். கத்தி எழுப்பும் காற்றில் பை வயிறு ஊதினது போல் நிமிர்ந்து நிற்கும். பிடியை விடுங்கள். பை உடனே தொய்ந்து விழ வேண்டும். ஊதினபடியே நின்றால் கத்தி இன்னும் சுற்றுகிறது, அந்த இயந்திரத்தை வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்காவில் 1982 முதல் வீட்டு மோவர்களுக்கு உள்ள விதி, பிடியை விட்டு 3 விநாடிக்குள் கத்தி நிற்க வேண்டும் என்பது. என் வணிக இயந்திரங்களையும் நான் அந்த 3 விநாடியை வைத்தே பார்க்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் இந்தச் சோதனையைச் செய்கிறேன்.

கத்தியின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 அங்குலக் கத்தி நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. 401 நெடுஞ்சாலையின் 100 கிலோமீற்றர் வேக எல்லையைப் போல மூன்று மடங்கு. அதில் ஒரு சிறு கல் பட்டால் என்ன ஆகும்?

கல் எங்கே கிடக்கும் என்பதையும் சொல்கிறேன், இது ஊரில் இருந்து வந்தவர்களுக்குத் தெரியாது. பனிக்காலம் முழுவதும் பனியை அள்ளும் வண்டிகள் தெருவில் உள்ள சரளைக் கல்லையும் சேர்த்துப் புல்லுக்குள் தள்ளிவிட்டுப் போகும். ஏப்ரல், மே மாதங்களில் நடைபாதை ஓரத்துப் புல்லைக் காலால் விலக்கிப் பாருங்கள், அடியில் கல் படுக்கையாகவே இருக்கும். முதல் வெட்டுக்கு முன் அந்த ஓரத்தை வாரியால் வாரிவிடுங்கள். வளவை ஒருமுறை நடந்து பார்க்காமல் மோவரை இறக்காதீர்கள்: நாயைக் கட்டும் இரும்பு முளை, தண்ணீர் தெளிக்கும் குழாயின் தலை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், நத்தார் விளக்குக் கம்பி. யாராவது வளவுக்குள் வந்தால் பிடியை விட்டுவிட்டு நில்லுங்கள். பிள்ளை வந்தால் எஞ்சினையே நிறுத்துங்கள்.

சரிவில் பக்கவாட்டாக வெட்ட வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. மேலே நின்று வழுக்கினால் கால் மோவருக்கு அடியில் போகும். கீழே நின்று வழுக்கினால் மோவர் உங்கள் மேல் வரும். பத்து அடிக்கு இரண்டரை அடிக்கு மேல் உயரும் சரிவை மோவரால் தொடவே வேண்டாம், நரம்பு வெட்டியால் (நைலோன் நரம்பு சுழன்று புல் வெட்டும் கைக்கருவி) முடியுங்கள். பின்பக்கமாக உங்களை நோக்கி இழுப்பதைக் குறையுங்கள். இழுத்தே ஆக வேண்டிய மூலையில் முதலில் திரும்பிப் பாருங்கள்.

*

நன்றி அண்ணா. நேற்று நிறுவனத்தின் கொட்டகைக்குப் போனேன். அங்குள்ள பழைய மோவர்கள் இரண்டில் பிடியை நைலோன் கயிற்றால் கைப்பிடியோடு கட்டி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க அழுத்திப் பிடித்தால் கை நோகும், எல்லோரும் இப்படித்தான் என்கிறார்கள். நானும் கட்டலாமா?

*

வேண்டாம் தம்பி. மற்றது எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

என் முதல் கோடையில் எனக்குத் தந்த மோவரிலும் அப்படித்தான் நீலக் கயிறு கட்டியிருந்தது. ஜூன் மாதம், முதல்நாள் இரவு மழை. ஈரப் புல் மூடிக்குள் கட்டிபிடித்து, புல் வெளியேறும் வாயை அடைத்துவிட்டது. அன்றைக்குப் பதினெட்டு வீடு, எனக்கு அவசரம். இன்னொரு மோவரில் கையை எடுத்தால் கத்தி நிற்கும் என்று பழகியிருந்ததால், கையை எடுத்துவிட்டேன், நின்றிருக்கும் என்று நினைத்துவிட்டேன். கயிறு நினைவிலேயே வரவில்லை. குனிந்து வாய்க்குள் இருந்த பச்சைக் கட்டியை இழுத்தேன். கையுறையை யாரோ பிடுங்கினது போல் இருந்தது. வலி உடனே வரவில்லை. கையுறையின் இரண்டு விரல்கள் இல்லை என்பதைத்தான் முதலில் பார்த்தேன். விரல் போகவில்லை, நுனி கிழிந்தது, ஒன்பது தையல். இடது கை நடுவிரல் நகம் இன்றும் கோணலாகவே வளர்கிறது.

கை நோவுக்கு வழி இருக்கிறது. பிடி கடினமாக இருந்தால் கேபிளுக்கு ஒயில் விட வேண்டும், அல்லது கேபிளை மாற்ற வேண்டும். கைப்பிடியின் உயரம் உங்கள் இடுப்புக்குச் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வீடு நரம்பு வெட்டியையும் மோவரையும் கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

வாய் அடைத்தால் செய்ய வேண்டியது: எஞ்சினை நிறுத்துங்கள், கத்தி நிற்கும்வரை நில்லுங்கள், பிளக் தொப்பியைக் கழற்றுங்கள், பிறகு தடியால் தட்டிவிடுங்கள், கையால் அல்ல. ஒரு நிமிடம்கூட எடுக்காது. புல் ஈரமாக இருந்தால் வேலையைப் பின்னேரத்துக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் பிழையில்லை.

இந்த நாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் இடமும் இதுதான். ஒன்ராறியோவின் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தில், ஆபத்தானது என்று நம்பும் வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. மறுத்ததற்காக வேலையால் நிறுத்துவதோ தண்டிப்பதோ சட்டவிரோதம். சண்டை பிடிக்கத் தேவையில்லை. மேற்பார்வையாளரிடம், “கயிறு கட்டிய இந்த மோவரை நான் ஓட்ட மாட்டேன், கயிற்றை அவிழ்த்து பிரேக்கைத் திருத்தித் தாருங்கள், ஓட்டுகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அவர் தீர்த்துவைக்காவிட்டால் தொழில் அமைச்சின் பரிசோதகரை அழைக்கலாம்.

எனக்குக் காயம் பட்ட அன்று, மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போனவர் வழியில் சொன்னது: “வீட்டில் நடந்தது என்று சொல்.” நான் அப்படியே சொன்னேன். பயம். ஆறு கிழமை சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தேன். நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். வேலையில் பட்ட காயம் என்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வேலையிடப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சபை, சுருக்கமாக டபிள்யூஎஸ்ஐபி, இதற்காகவே இருக்கிறது. முதலாளி மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். நீங்களும் ஆறு மாதத்துக்குள் உங்கள் கோரிக்கையைத் தனியாகப் பதியலாம். முதலாளி சபையில் பதியாமல் இருந்தாலும், காசாகச் சம்பளம் தந்தாலும், தொழிலாளியான உங்கள் உரிமை போய்விடாது. வேலை செய்த நாளையும் நேரத்தையும் வீடுகளின் முகவரியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

*

விளங்கிவிட்டது அண்ணா, கட்ட மாட்டேன். பெற்றோல், சப்பாத்து பற்றியும் சொல்வீர்களா?

*

சொல்கிறேன். மோவருக்கு வெறும் பெற்றோல். நரம்பு வெட்டியும் இலை ஊதியும் பெரும்பாலும் ஒயில் கலந்த பெற்றோலில் ஓடுபவை. இரண்டு சிவப்புக் கான்களும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், கலந்த கானில் பட்டையான நாடா ஒட்டி “கலவை” என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள். எத்தனோல் 10 வீதத்துக்கு மேல் உள்ளது சிறு எஞ்சின்களுக்கு ஆகாது. பெற்றோல் நிரப்பு நிலையத்தில் கானை வாகனத்துக்குள் வைத்தபடி நிரப்பாதீர்கள், தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் இருக்கும் கானில் நிலைமின் பொறி பறக்கலாம். மோவருக்கு ஊற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான எஞ்சினில் ஊற்றுவதுதான் நான் அதிகம் காணும் பிழை.

சப்பாத்தில் கணுக்காலுக்கு மேல் பச்சை முக்கோணச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். விரல் பகுதியில் காப்பும், ஆணி துளைக்காத அடியும் உள்ளது என்று அர்த்தம். ஓட்டச் சப்பாத்தும் செருப்பும் வேண்டாம், நீளக் காற்சட்டை கட்டாயம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அப்படித்தான். காதுக்கு மூடி போடுங்கள்: ஒன்ராறியோ விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 85 டெசிபல். நாள் முழுக்க மோவருக்குப் பின்னால் நடப்பவர் அதை எளிதில் தாண்டிவிடுவார். மாலையில் காதுக்குள் கூ என்ற இரைச்சல் கேட்டால் அன்றைய சத்தம் கூடிப்போயிற்று.

ஸ்காபரோவின் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் வேலை என்றால் வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கத்தையும் இடுப்பையும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி அந்தப் பகுதியில் இருக்கிறது.

புது எஞ்சினுக்கு முதல் ஒயில் மாற்றம் சீக்கிரம் வரும், சில எஞ்சின்களுக்கு ஐந்து மணி நேரத்தில், சிலவற்றுக்கு இருபதில். முதல் நாளில் இருந்தே மணிக்கணக்கை அதே கொப்பியில் குறியுங்கள்.

உங்கள் சப்பாத்து அளவு ஒன்பது என்றால் வாங்க வேண்டாம். பச்சை முக்கோணம் உள்ள ஒரு சோடி, ஒரு கோடை மட்டும் போட்டது, என்னிடம் இருக்கிறது. காது மூடியும் ஒன்று மிச்சம். ஞாயிறு பின்னேரம் மோவரையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், பை சோதனையைச் சேர்ந்தே செய்துபார்ப்போம்.