செர்ரி இறால் தொட்டி: மூன்று நாளில் ஆறு போய்விட்டது

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். 30 லிட்டர் தொட்டியில் மணல் போட்டு, கட்டையில் ஜாவா பாசி கட்டி, மறுநாளே பத்து செர்ரி இறால் விட்டேன். குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்தும் ஊற்றினேன். ஆறு செத்துவிட்டன, மனசே சரியில்லை. எங்கே தப்பு?

பதில்: மறுநாளே விட்டதுதான் அண்ணே. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா வளர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும், சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டிய பிறகே இறால். மிச்சம் நாலையும் யாருடைய பழைய தொட்டிக்காவது மாற்றுங்கள், அங்குள்ள ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிழிந்து அந்தப் பழுப்புத் தண்ணீரை உங்கள் தொட்டியில் ஊற்றினால் சீக்கிரம் தயாராகும்.

இன்னொரு பதில்: சூட்டையும் பாருங்கள். நம் ஊர் மதியத்துக்குச் சின்ன விசிறி ஒன்று தண்ணீர்மேல் வீசினாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். டெங்கிக் கொசுவுக்கு மருந்துப் புகையடிக்க வரும்போது தொட்டியை மூடி, காற்று பம்பை நிறுத்துங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டேன், சாயங்காலம் பார்த்தால் வயிற்றில் முட்டையோடு இருந்தவைகூட மல்லாந்து கிடந்தன.

சரி, நாளைக்கே நாலையும் தம்பி வீட்டுத் தொட்டிக்கு மாற்றிவிடுகிறேன். பாசி அப்படியே இருக்கட்டுமா?

பதில்: இருக்கட்டும், அதுதான் குஞ்சுகளுக்கு மேய்ச்சல். தாமிரம் கலந்த மீன் மருந்து மட்டும் ஒரு சொட்டும் வேண்டாம்.