நடைபாதை புதிதாகப் போடுகிறார்கள்: பகுதி சபையில் என்ன கேட்கலாம்?

நங்கநல்லூர்வாசி:
வயது 63. தினமும் மெட்ரோ நிலையம் வரை 14 நிமிட நடை. பாதித் தூரம் சாலையில்தான் நடக்கிறேன். நடைபாதையில் மின்பெட்டி, இரண்டு புல்லட், ஓர் இளநீர்க் கடை. (இளநீர்க்காரரைக் குறை சொல்ல மாட்டேன், நானே வாடிக்கையாளர்.) இப்போது நடைபாதையை இடித்துக் கட்டப் போகிறார்களாம். பகுதி சபையில் (வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) "அகலமாகப் போடுங்கள்" என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

கோடம்பாக்கத்துப் பொறியாளர்:
எண்ணைச் சொல்லுங்கள் ஐயா, சிரிக்க மாட்டார்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (கட்சி இல்லை, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பு) வழிகாட்டிப்படி, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் வேண்டும். மின்பெட்டியைக் கழித்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஏற முடியாத நடைபாதையில் யார் நடப்பார்கள்? வீட்டு வாசல்களில் பாதை இறங்கக் கூடாது, கார்தான் ஏறி இறங்க வேண்டும். மாநகராட்சியின் 2014 மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையையும் கையில் வைத்திருங்கள். போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்கிறது.

சைக்கிள்காரி:
பாண்டி பஜார் நடைபாதை 2019இல் திறந்தபோது நானும் துள்ளினேன். ஆனால் அங்கே போய்ச் சேரும் குறுக்குத் தெருக்களில் இன்றும் சாக்கடை மூடிமேல்தான் நடை. உங்கள் தெரு எந்தத் தெருவில் போய் முடிகிறது என்றும் கேளுங்கள்.

நங்கநல்லூர்வாசி:
அளவு நாடா வாங்கிவிட்டேன். மின்பெட்டி அருகே மிஞ்சுவது 70 சென்டிமீட்டர். இளநீர்க்காரர்தான் மறுமுனையைப் பிடித்தார்.