மறு: ஈசோஃபேஜியல் குரூவ் – பள்ளமா, மடையா?

அனைவருக்கும் வணக்கம். மாட்டின் வயிற்றுக்குள் இருக்கும் ஈசோஃபேஜியல் குரூவ் (esophageal groove) என்ற பாதைக்கு 'பால்மடை' என்று நான் சொன்ன பெயர்பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் இது. மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள்: அசையூண் வயிறு (rumen), தேன்கூட்டு வயிறு (reticulum), ஏட்டு வயிறு (omasum), நான்காம் வயிறு (abomasum).

> 'உணவுக்குழல் பள்ளம்' என்றே இருக்கட்டுமே. சொல்லுக்குச் சொல் சரியாகத்தானே இருக்கிறது?

சரிதான். ஆனால் பள்ளம் என்றால் ஏதாவது தேங்கும் இடம். இதில் எதுவும் தேங்குவதில்லை. உணவுக்குழல் முடியும் இடத்தில் தொடங்கி, தேன்கூட்டு வயிற்றின் சுவரை ஒட்டி ஏட்டு வயிற்றின் வாய்வரை போகிறது. இரண்டு ஓரமும் உதடு மாதிரி தடித்திருக்கும். கன்று காம்பைச் சப்பத் தொடங்கியதும் அந்த உதடுகள் சேர்ந்து குழாயாகிவிடும். பால் அசையூண் வயிற்றில் விழாமல் நான்காம் வயிற்றுக்குப் போய் அங்கே உறையும்.

வயலில் இதைத்தான் மடை திருப்புவது என்போம். பக்கத்து வயலை விட்டுக் கடைசி வயலுக்குத் தண்ணீர் விடுகிற அதே வேலை. அதனால் 'பால்மடை' என்கிறேன். மடைப்பள்ளியில் வரும் மடைக்கு உணவு என்று பொருள். அதுவும் இங்கே பொருந்தி வருகிறது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருவர் கேட்டிருந்தார். தாயை இழந்த ஒரு கன்றுக்கு நாங்கள் மூன்று மாதம் புட்டிப்பால் மட்டுமே கொடுத்து வளர்த்தோம். பாலை நிறுத்தியதும் ஒரே மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. பிறந்த கன்றுக்கு நான்காம் வயிறுதான் பெரிது. மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு மேல் அதுதான். வளர்ந்த மாட்டிலோ அசையூண் வயிறே சுமார் 80 விழுக்காடு. பால் அங்கே போகாததால், பாலை மட்டும் குடிக்கும் கன்றுக்கு அசையூண் வயிற்றின் சுவர் மெலிந்து வெளிறியே இருக்கும். உள்ளே விரல் போன்ற நீட்சிகள் வளராது. 1950களில் அமெரிக்காவில் கன்றுகளின் அசையூண் வயிற்றுக்குள் ஸ்பாஞ்சை வைத்துப் பார்த்தார்கள். வயிறு பெரிதானது, நீட்சிகள் வளரவில்லை. தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக், புரோப்பியோனிக் அமிலங்களைச் செலுத்தியபோதுதான் வளர்ந்தன. முதல் வாரத்திலிருந்தே கொஞ்சம் அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்குக் கலவை) வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்று கேட்பவருக்கும் 'பால்மடை' என்ற சொல்லை வைத்தே விளக்கிவிடலாம்: பால் மடை வழியே போய்விடும், வாளியில் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் அசையூண் வயிற்றில் விழும், அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு அது வேண்டும்.

> வளர்ந்த மாட்டிலும் சோடா உப்புக் கரைசல் கொடுத்தால் இது மூடுமே. அப்போது 'பால்' எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. நெல் குதிரில் கேழ்வரகைக் கொட்டினாலும் அதை நெல் குதிர் என்றுதானே சொல்கிறோம்? முதன்மையான வேலையை வைத்தே பெயரிடலாம் என்பது என் கருத்து.

அப்புறம், உதடுகள் மூடுவதை 'மடை திரும்பல்' எனலாம். வயிற்றுக்குழாய் விட்டுப் புகட்டும்போது மடை மூடாமல், பால் அசையூண் வயிற்றில் விழுந்து புளித்துப் போவதற்கு 'மடை தவறல்' என்று யோசித்திருக்கிறேன். இந்த இரண்டாவது சொல்லில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. மாடு வளர்ப்பவர்கள் இதற்கு வேறு சொல் புழங்கிக் கேட்டிருந்தால் கால்நடை மருத்துவ நண்பர்கள் எழுதுங்கள்.