சக்கரம், சைக்கிள், வீல்: மூன்றும் ஒரே சொல்லா?

கேள்வி: மிதிவண்டிப் பித்தன்

சென்ற வாரம் என் சைக்கிளின் பின்சக்கரத்தில் கோட்டம் விழுந்துவிட்டதால் தெருமுனைக் கடைக்குக் கொண்டுசென்றேன். கடைக்காரர் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டே, "வீல் ஆடுது சார், சக்கரத்தையே மாத்திட்டா சைக்கிள் புதுசு மாதிரி ஓடும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் ஆங்கில அகராதியில் 'வீல்' என்ற சொல்லின் பிறப்பைப் பார்த்தேன். 'சைக்கிள்' என்பதும் சமஸ்கிருதத்தின் 'சக்ர' என்பதும் அதன் உறவுச் சொற்களாக அங்கே காட்டப்பட்டிருந்தன. சக்ரவும் சைக்கிளும் ஓரளவு ஒத்து ஒலிப்பதால் அதை ஏற்க முடிகிறது. ஆனால் 'வீல்' என்பதில் சகரமும் இல்லை, ககரமும் இல்லை, ரகரமும் இல்லை. எந்த அடிப்படையில் இதை அந்தக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: ஏடுபுரட்டி

தாங்கள் ஏற்கத்தக்கது என்று கருதிய ஒற்றுமைதான் இங்கே தற்செயலானது. ஐயப்பட்ட உறவுதான் விதிப்படி அமைந்தது. மொழியியலாளர் இந்தச் சொற்களுக்கு மூலமாக 'க்வெக்வ்லோஸ்' என்ற வடிவத்தை மீட்டமைக்கிறார்கள். இது எந்தக் கல்வெட்டிலும் கிடைத்த சொல்லன்று, சமஸ்கிருதம், கிரேக்கம், ஆங்கிலம் முதலியவை அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் கிளைமொழிகளை ஒப்பிட்டுக் கணித்தது. 'சுழலுதல்' என்னும் பொருள்கொண்ட 'க்வெல்' என்ற வேரின் முதலொலியை இரட்டித்து ஆக்கிய சொல் அது.

முதலில் சக்ர. மூலச்சொல்லில் இரண்டு இடத்திலும் வருவது ஒரே 'க்வ' ஒலிதான். சமஸ்கிருதத்தில் அதன் இதழ்குவிவு மறைந்து ககரம் மட்டும் எஞ்சியது. அந்தக் ககரம் எகரத்துக்கு முன் வந்த இடத்தில் சகரமாயிற்று, லகரத்துக்கு முன் வந்த இடத்தில் ககரமாகவே நின்றது. லகரம் பிறகு ரகரமாயிற்று. எகரமும் அகரத்தில் கரைந்துபோனது. ஒரு காலத்தில் அங்கே எகரம் இருந்ததற்கு அந்தச் சகரமே சாட்சி. இது நமக்குப் புதிய செய்தியும் அன்று: கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி', அங்கே 'கிறி' என்பது இங்கே 'சிறு'. திராவிட மொழிகளுக்குள்ளும் இகர, எகரங்களுக்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாகியிருக்கிறது.

சைக்கிளின் தொடக்கத்தில் உள்ள சகரத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கிரேக்க மூலம் 'குக்லோஸ்'. அதில் இரண்டும் ககரமே. அது லத்தீன் வழியாக மேற்கு ஐரோப்பாவுக்குப் போன பின்னரே முதற் ககரம் சகரமாக ஒலிக்கத் தொடங்கியது.

இனி வீல். ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் பழைய 'க்வ' ஒலி 'ஹ்வ' ஆயிற்று. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் முறைப்படுத்திக் காட்டிய விதியின் ஒரு பகுதி இது. லத்தீனில் 'என்ன' என்பதற்கு 'க்வோத்'. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வாத்', இன்று 'வாட்'. அதே வழியில் சக்கரமும் பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வெயோல்' ஆயிற்று. இரண்டாவது 'க்வ' தேய்ந்து மறைந்தது. பின்னர் முதலிலிருந்த ஹகரமும் பேச்சில் உதிர்ந்தது. எழுத்தில் மட்டும் அது உதிரவில்லை: 'வீல்' என்பதை எழுதும்போது டபிள்யூவுக்கு அடுத்து இன்றும் எச் என்ற எழுத்தைப் போடுகிறோம் அல்லவா?

கேள்வி கேட்டவர்: மிதிவண்டிப் பித்தன்

மிக்க நன்றி ஐயா. எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. தமிழுக்குச் 'சைக்கிள்' வண்டியோடு சேர்ந்து வந்ததுபோல, பழங்காலத்தில் சக்கரம் பரவிய ஊர்களுக்கெல்லாம் அதன் பெயரும் கடனாகப் பரவியிருக்கக் கூடாதா?

பதில்: கல்லும் சொல்லும்

நல்ல கேள்வி. கடனாகப் பிந்தி வந்த சொல், அது வருவதற்கு முன் நடந்து முடிந்த ஒலிமாற்றங்களைக் காட்டாது. ஆங்கிலமே இதற்குச் சான்று: பரம்பரையாக வந்தது 'வீல்', கிரேக்கத்திலிருந்து கடனாக வந்தது 'சைக்கிள்', பிந்தையதில் அந்த 'ஹ்வ' மாற்றம் இல்லை. இன்றைய சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் கிடைத்த, இதே குடும்பத்தைச் சேர்ந்து வழக்கொழிந்துபோன தொகாரிய மொழியின் ஏடுகளில் தேரைக் குறிக்கும் 'கொகாலெ'வும், ரஷ்ய மொழியில் சக்கரத்தைக் குறிக்கும் 'கொலெசோ'வும் (இது இரட்டிக்காத வடிவம்) தத்தம் மொழியின் விதிப்படியே அமைந்துள்ளன.

இதிலிருந்து சிலர் காலக்கணக்கும் போடுகிறார்கள். சக்கர வண்டிக்கான பழைய சான்றுகள் ஏறக்குறைய கி.மு. 3500ஐ ஒட்டியவை, ஸ்லோவேனியாவின் லூப்லியானா சதுப்பில் 2002இல் கிடைத்த மரச்சக்கரம் 5,000 ஆண்டுகளுக்கும் பழமையானது. எனவே, சக்கரத்துக்குப் பொதுப்பெயர் இருந்தால் அந்த மொழிகள் பிரிந்ததும் அதற்குப் பிறகே என்பது தொல்லியலாளர் டேவிட் அந்தோணி போன்றோரின் வாதம். 'சுழல்வது' என்று வெவ்வேறு மக்கள் தனித்தனியே பெயரிட்டிருக்கலாமே என்று மறுப்போரும் உண்டு. அந்த இரட்டித்த வடிவம் சமஸ்கிருதம், கிரேக்கம், ஜெர்மானியம், தொகாரியம் என்று நான்கு கிளைகளிலும் தற்செயலாகத் தோன்றியது என்பதை நம்புவது எனக்குக் கடினமாகவே இருக்கிறது. ஆனால் இன்றைய துருக்கிப் பகுதியில் பழங்காலத்தில் வழங்கிய, இதே குடும்பத்து ஹித்திய மொழியில் சக்கரத்துக்கு 'ஹுர்கி' என்ற வேறு சொல்லே வழங்கியது. அந்தக் கிளை முந்திப் பிரிந்தது என்று பலர் கொள்வதற்கு இதுவும் பொருந்தி வருகிறது.

லத்தீனும் வேறு சொல்லையே கொண்டது: 'ரோத்தா'. அதன் சமஸ்கிருத உறவு 'ரத'. அங்கே சக்கரம், இங்கே அதன்மேல் ஓடும் தேர். நம் ஊர் ரோட்டரி சங்கப் பலகையிலுள்ள பற்சக்கரச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோயில் ரதமும் நினைவுக்கு வரும்.

பதில்: உருளி

ஒரு சிறு எச்சரிக்கை. இந்தச் சொற்கள் தமிழில் வழங்குவதால் தமிழ் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடாது. மூன்றும் இங்கே கடன்சொற்கள்: சமஸ்கிருதத்திலிருந்து ஒன்று, ஆங்கிலத்திலிருந்து இரண்டு. காந்தியடிகளின் ராட்டைக்கு வழங்கும் 'சர்க்கா'வையும் சேர்த்தால் நான்கு. அது பாரசீகத்தின் 'சர்க்' வழியாக வந்தது. பழைய ஈரானிய 'சக்ர' என்பதில் ககரமும் ரகரமும் இடம் மாறியதால் உண்டான வடிவம் அது.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி 'ஒன்று' என்பதையும் ஆங்கில 'ஒன்' என்பதையும் இணைப்போரை அடிக்கடி காண்கிறேன். ஆங்கிலச் சொல் பழங்காலத்தில் 'ஆன்' என்றே இருந்தது. அதன் இன்றைய ஒலிப்பு பிற்காலத்தது. பாரசீகத்தில் 'பத்' என்றாலும் ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது என்றுதான் பொருள், ஆயினும் இரண்டுக்கும் உறவில்லை.

சக்கரத்துக்குத் தமிழில் ஆழி, திகிரி, உருளி, கால் என்ற சொற்கள் உண்டு. "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்ற குறளில் (496) வரும் 'கால்' சக்கரந்தான். வலிய சக்கரங்களையுடைய தேர் என்பது பொருள்.